சட்டப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுத் தீர்ப்பு எழுதினாரா போஸ்னர்?

வாசகர் கேள்வி, ஜனவரி 8
சட்டக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். வகுப்பில் ரிச்சர்ட் போஸ்னர் என்ற அமெரிக்க நீதிபதியின் பேர் வந்தது. "சட்டத்தைப் பணக்கணக்காக மாற்றியவர்" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு ஆசிரியர் அடுத்த தலைப்புக்குப் போய்விட்டார். அப்புறம் தேடிப் பார்த்தால், ஓய்வு பெற்ற சமயத்தில் கொடுத்த பேட்டியில், சட்டப் பிரிவுகளைத் தான் பெரிதாகப் பார்ப்பதில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். அப்படிப்பட்டவரை நாம் ஏன் படிக்க வேண்டும்?

ஜனவரி 8, இரவு
தம்பி, உங்கள் ஆசிரியர் சொன்னது பாதி சரி. 1973ல் வந்த, சட்டத்தைப் பொருளாதாரக் கண்ணால் பார்க்கும் அவருடைய பாடநூல்தான் அவருக்குப் பேர் வாங்கித் தந்தது. ஆனால் அதற்குப் பிறகு 36 வருடம் நீதிபதியாக இருந்திருக்கிறார். அந்தப் பகுதியைத் தள்ளிவிட்டு அவரை எடைபோட முடியாது.

முதலில் ஆள் யார் என்று பார்ப்போம். 1939ல் நியூயார்க்கில் பிறந்தவர். யேலில் ஆங்கில இலக்கியம், ஹார்வர்டில் சட்டம், வகுப்பில் முதலிடம். அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி பிரெனனிடம் ஒரு வருடம் உதவியாளர். பிறகு சொலிசிட்டர் ஜெனரல் அலுவலகத்தில் தர்குட் மார்ஷலின் கீழ் வேலை. 1969லிருந்து சிகாகோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். 1981ல் அதிபர் ரீகன் அவரை ஏழாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு நியமித்தார். 1993 முதல் 2000 வரை அங்கே தலைமை நீதிபதி. 2017 செப்டம்பரில் திடுதிப்பென்று பதவியை விட்டார். 3,300க்கும் மேல் தீர்ப்புகள் எழுதியிருக்கிறார்.

ஏழாவது சர்க்யூட் என்றால் இல்லினாய், இண்டியானா, விஸ்கான்சின் மூன்று மாநிலங்களுக்கான கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம். மூன்று நீதிபதிகள் உட்காருவார்கள். அதற்கு மேலே உச்ச நீதிமன்றம்தான், அங்கேயோ வருகிற மனுக்களில் மிகச் சிலவற்றைத்தான் எடுத்துக்கொள்வார்கள். ஆகவே பெரும்பாலான வழக்குகளில் இவர்கள் சொன்னதுதான் கடைசிச் சொல். பதவியோ ஆயுளுக்கும். நம் உயர் நீதிமன்ற நீதிபதி 62ல் வீட்டுக்குப் போயாக வேண்டும். அங்கே அந்தக் கட்டாயம் இல்லை.

ஜனவரி 9
"சட்டத்தைப் பெரிதாகப் பார்ப்பதில்லை" என்ற பேட்டியை வைத்து அவரை முடித்துவிட வேண்டாம். 1996ல் ஒரு பெட்ரோல் பங்க் வழக்கு அவரிடம் வந்தது. விற்பனையாளர் இந்த விலைக்கு மேல் விற்கக் கூடாது என்று எண்ணெய் நிறுவனம் உச்ச வரம்பு வைக்கலாமா என்பது கேள்வி. கூடவே கூடாது என்று 1968லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த விதி தவறு, அதன் அஸ்திவாரமே ஆடுகிறது என்று போஸ்னர் வெளிப்படையாக எழுதினார். எழுதிவிட்டு, "ஆனாலும் அதை மாற்றுகிற அதிகாரம் எங்களுக்கு இல்லை" என்று அந்த விதிப்படியே தீர்ப்புச் சொன்னார். அடுத்த வருடமே உச்ச நீதிமன்றம் ஏகமனதாகப் பழைய விதியைத் தூக்கியது. தூக்கியபோது, கீழ் நீதிமன்றம் கட்டுப்பட்டு நடந்ததுதான் சரி என்றும் சொன்னது. சட்டத்தை மதிக்காதவர் செய்கிற காரியமா இது?

ஜனவரி 9, மாலை
பொருளாதாரக் கணக்கு பற்றி. நீங்கள் டார்ட்ஸில், அதாவது நஷ்டஈட்டுச் சட்டத்தில் படித்திருப்பீர்கள்: விபத்து நடக்கிற வாய்ப்பையும் நடந்தால் வருகிற நஷ்டத்தையும் பெருக்கினால் வருகிற தொகையைவிட, முன்னெச்சரிக்கைக்கு ஆகும் செலவு குறைவாக இருந்தும் ஒருவர் அதைச் செய்யவில்லை என்றால் அது கவனக்குறைவு. இது 1947ல் நீதிபதி லேர்னட் ஹாண்ட் போட்ட சூத்திரம். அதை ஒரு முழுத் தத்துவமாக விரித்தவர் போஸ்னர்.

அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஒரு வழக்கு. 1979 ஜனவரி, சிகாகோவுக்குத் தெற்கே புளூ ஐலண்ட் ரயில்வே யார்டு. லூசியானாவிலிருந்து நியூஜெர்சி போகிற ஒரு டேங்கர் வேகனில் 20,000 கேலன் அக்ரிலோநைட்ரைல். தீப்பற்றும், விஷம், புற்றுநோய் உண்டாக்கலாம் என்ற சந்தேகம் வேறு. வேகனின் அடியிலிருந்து ஒழுகுவதை யார்டு ஊழியர்கள் பார்த்தார்கள். அக்கம்பக்கத்து வீடுகளைக் காலி செய்ய வைத்தார்கள். ஏறத்தாழ 4,000 கேலன் வெளியே போய்விட்டது. மண்ணையும் தண்ணீரையும் சுத்தம் செய்யச் சொல்லி மாநில அரசு உத்தரவு போட, ரயில் நிறுவனத்துக்கு ஆன செலவு ஏறத்தாழ 9,81,000 டாலர். ரசாயனத்தை அனுப்பிய அமெரிக்கன் சயனமிட் மீது வழக்கு.

கவனக்குறைவை நிரூபிக்காமலே அனுப்பியவரைப் பொறுப்பாக்கலாமா? 1990ல் போஸ்னர் முடியாது என்றார். ரசாயனம் தன் இயல்பால் ஒழுகவில்லை, யாரோ வேகனைச் சரியாகப் பராமரிக்கவில்லை. கவனமாக இருந்தால் தவிர்க்கக்கூடிய விபத்துக்குக் கவனக்குறைவு விதியே போதும். சிகாகோவைச் சுற்றிக்கொண்டு போகலாமே என்றால், நாட்டின் ரயில் பாதைகள் கூடுகிற இடமே அதுதான். சுற்றினால் தூரம் கூடும், விபத்து வாய்ப்பும் கூடும். வாதமாக இதை உடைப்பது கஷ்டம்.

ஆனால் நடுவில் ஒரு இடம் வரும். கொடூரமாகத் தோன்றினாலும் சொல்கிறேன் என்ற தோரணையில், அந்தப் பகுதியில் நிலத்தைப் பொருத்தமில்லாமல் பயன்படுத்துவது ரசாயனம் கொண்டுபோவது அல்ல, அங்கே ஜனங்கள் குடியிருப்பதாக இருக்கலாம் என்று எழுதுகிறார். போபால் நடந்து ஆறு வருடம்கூட ஆகவில்லை. டெல்லி ஓலியம் வாயுக் கசிவு வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் 1986 டிசம்பரிலேயே நேர் எதிராகப் போய், ஆபத்தான தொழில் நடத்துகிறவன் எந்த விதிவிலக்கும் கேட்க முடியாது என்று முழுப் பொறுப்பைச் சுமத்திவிட்டது. இரண்டையும் ஒரே மேஜையில் வைத்துப் படியுங்கள். அந்த வரியை முதலில் படித்தபோது எனக்கு வயிறு எரிந்தது. இன்றைக்கும் எரிகிறது.

ஜனவரி 10
மேலே எழுதியதோடு இதையும் சேர்த்துப் படிக்கவும். கோபத்தில் ஒன்று விட்டுப்போயிற்று. அந்த வழக்கில் இரண்டு பக்கமும் கம்பெனிகள். யார்டு ஓரத்து வீட்டுக்காரர்கள் யாரும் கட்சிக்காரராக அவர் முன்னால் நிற்கவில்லை. எதிரே நிற்காத மனிதரைப் பற்றி ஒரு வரியில் கடந்துபோவது நீதிபதிகளுக்கு மிக எளிது. நான் ஆஜராகும் மாவட்ட நீதிமன்றத்தில் தினம் பார்ப்பதுதான்.

ஜனவரி 13
"வோட்டர் ஐடி வழக்கில் ஏழைகளுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னவர்தானே" என்று ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். ஆமாம். ஆனால் அதோடு கதை முடியவில்லை, அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம்.

புகைப்பட அடையாள அட்டை இல்லாமல் வாக்களிக்க முடியாது என்று இண்டியானா சட்டம் போட்டது. 2007ல் போஸ்னர் அதைச் செல்லும் என்றார். ஒரு தனி வாக்காளருக்குத் தன் ஒரு வோட்டால் கிடைக்கும் பயன் மிகக் குறைவு, ஒரே வோட்டில் எந்தப் பெரிய தேர்தலும் முடிவாவதில்லை, ஆகவே சின்னத் தடங்கலே சிலரை வீட்டில் உட்கார வைத்துவிடும் என்று அவரே ஒப்புக்கொள்கிறார். இருந்தும் அந்தப் பாதிப்பு லேசானது, வாக்காளர் மோசடியைத் தடுக்கிற நோக்கம் போதும் என்று முடித்தார். கூட இருந்த நீதிபதி டெரன்ஸ் எவன்ஸ் ஒப்பவில்லை. சுற்றி வளைக்காமல், ஜனநாயகக் கட்சிக்குப் போடக்கூடியவர்களை வாக்குச்சாவடிக்கு வரவிடாமல் செய்யும் முயற்சி இது என்று மாறுபட்ட தீர்ப்பில் போட்டு உடைத்தார். 2008 ஏப்ரல் கடைசியில் உச்ச நீதிமன்றமும் போஸ்னர் பக்கமே நின்றது.

அடுத்த வாரமே இண்டியானாவில் பிரைமரி, அதாவது கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல். சவுத் பெண்ட் ஊரில் ஒரு டஜன் போல வயதான கன்னியாஸ்திரிகள், 80, 90 வயதுக்காரர்கள், அட்டை இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டார்கள். வாக்குச்சாவடியில் உட்கார்ந்து திருப்பி அனுப்பியவரும் அதே மடத்தைச் சேர்ந்த ஒரு சகோதரிதான். எல்லாரையும் அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் விதிப்படி விட முடியாது.

2013ல் போஸ்னர் தன் புத்தகத்திலேயே அந்த வழக்கில் தன் குற்றத்தை ஒப்புக்கொள்வதாக எழுதினார். இப்படிப்பட்ட சட்டங்கள் வாக்காளரை ஒடுக்கத்தான் பயன்படுகின்றன என்று பரவலாகத் தெரிந்துவிட்டது என்றார். எவன்ஸ் சொன்னதுதான் சரி என்றும் பிறகு சொன்னார். எவன்ஸ் அதற்குள் காலமாகிவிட்டார்.

ஜனவரி 13, பின்னிரவு
உச்ச நீதிமன்றமே உறுதிசெய்த தீர்ப்பு. யாரும் அவரைக் கேட்கப்போவதில்லை. அந்த நிலையில் ஒரு நீதிபதி எழுந்து "நான் செய்தது தவறு" என்கிறார். எத்தனை பேர் செய்வார்கள்?

2014ல் விஸ்கான்சின் மாநிலத்தின் அதே மாதிரிச் சட்டம் வந்தது. எல்லா நீதிபதிகளும் சேர்ந்து மறுவிசாரணை செய்யலாமா என்பதில் 5க்கு 5. சமமாகப் பிரிந்ததால் மறுவிசாரணை இல்லை. போஸ்னர் எழுதிய எதிர்ப்பின் கடைசியில் ஒரு பின்னிணைப்பு இருக்கிறது. விஸ்கான்சினில் பிறப்புச் சான்றிதழ் ஒன்றை வாங்க என்னென்ன காகிதம் வேண்டும், எங்கே அலைய வேண்டும் என்று படிவங்களை அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார். 2007ல் "லேசான தடங்கல்" என்று அவர் நினைத்தது உண்மையில் எப்படி இருக்கும் என்று பக்கம் பக்கமாகக் காட்டுகிறார். வாரிசு சான்றிதழுக்கும் பிறப்புச் சான்றிதழுக்கும் கட்சிக்காரர்களோடு தாலுகா அலுவலகப் படி ஏறி இறங்கியவன் நான். அந்தப் பின்னிணைப்பைப் படிக்கும்போது இந்த மனிதருக்குக் கடைசியில் விஷயம் புரிந்துவிட்டது என்று தோன்றியது.

ஜனவரி 17
"காற்று அடிக்கிற பக்கம் சாய்பவர்" என்று இன்னொருவர். ஓரினத் திருமண வழக்கை மனதில் வைத்துச் சொல்கிறார். 1990களில், நாட்டு மக்கள் தயாராக இல்லாதபோது நீதிமன்றம் இதைத் திணிக்கக் கூடாது என்று எழுதியவர்தான் போஸ்னர். 2014ல் இண்டியானா, விஸ்கான்சின் இரண்டு மாநிலத் தடைகளையும் ரத்து செய்தார். உண்மை.

ஆனால் 2014 ஆகஸ்ட் 26 அன்று நடந்த ஆர்க்யூமெண்டின் ஒலிப்பதிவைக் கேட்டுப் பாருங்கள். அந்த நீதிமன்றத்தின் நல்ல வழக்கம் அது, வாதங்களின் பதிவைப் பொதுவில் வைத்துவிடுவார்கள். விஸ்கான்சின் அரசு வழக்கறிஞர் பாரம்பரியம் என்கிறார். கருப்பர் வெள்ளையர் திருமணத்துக்கான தடையும் பாரம்பரியம்தானே, அப்போது வித்தியாசம் என்ன என்று போஸ்னர் கேட்கிறார். பதில் வரவில்லை. மறுபடி கேட்கிறார். வழக்கறிஞர் இடம் மாறினால் அங்கேயும் துரத்துகிறார்.

இண்டியானாவின் வாதம் வேறு: எதிர்பாராமல் பிறக்கிற குழந்தைகளுக்குத் தாய் தகப்பன் சேர்ந்து பொறுப்பேற்கத்தான் திருமணம். அப்படியானால் 65 வயதுக்கு மேற்பட்ட ஒன்றுவிட்ட சகோதர சகோதரிகள் கல்யாணம் செய்துகொள்ள உங்கள் மாநிலம் அனுமதிக்கிறதே, அவர்களுக்கு எந்தக் குழந்தை பிறக்கப்போகிறது என்று தீர்ப்பில் மடக்குகிறார். வாதம் முடிந்து ஒன்பதே நாளில், செப்டம்பர் 4ல், மூன்று பேரும் ஒருமித்த தீர்ப்பு. ஓரினத் தம்பதிகள் எடுத்து வளர்க்கும் குழந்தைகளுக்கு இந்தத் தடையால் என்ன ஆகிறது என்பதில்தான் அவர் அதிகப் பக்கம் செலவிட்டிருக்கிறார். காற்றுக்குச் சாய்பவருக்கு அந்தக் குழந்தைகளைப் பற்றி எழுத வேண்டிய அவசியமே இல்லை.

ஜனவரி 19
எனக்கு மிகவும் பிடித்த தீர்ப்பு. 2015, இண்டியானா சிறைக் கைதி ஒருவர். கடும் நெஞ்செரிச்சல், அமிலம் மேலேறி உணவுக்குழாயைப் புண்ணாக்குகிற நோய். ஸான்டாக் மாத்திரை, அதாவது நாம் எல்லாரும் கடையில் வாங்கி விழுங்கிய அதே ரானிடிடின். அதைச் சாப்பாட்டுக்கு முன்னால் போட வேண்டும் என்று அந்தக் கைதி கேட்கிறார். சிறையிலோ காலை 9:30, இரவு 9:30 என்று கொடுக்கிறார்கள். நேரம் முக்கியமில்லை என்று சாட்சி சொன்ன மருத்துவர், வழக்கில் எதிர்த்தரப்பாகச் சேர்க்கப்பட்டவர்களில் ஒருவர். கைதிக்கு வக்கீலும் இல்லை, நிபுணர் சாட்சியும் இல்லை. கீழ் நீதிமன்றம் விசாரணைக்கே விடாமல் தள்ளிவிட்டது.

போஸ்னர் மேயோ கிளினிக் போன்ற மருத்துவ இணையதளங்களைத் தானே படித்துப் பார்த்தார். சாப்பாட்டுக்கு முன் போட வேண்டும் என்றுதான் அங்கே இருக்கிறது. விசாரணை நடக்கட்டும் என்று வழக்கைத் திருப்பி அனுப்பினார். நீதிபதி ஹாமில்டன் கடுமையாக எதிர்த்தார்: இரண்டு தரப்பும் வைக்காத ஆதாரத்தை நீதிபதி தானே தேடி எடுத்து அதை வைத்துத் தீர்ப்பு எழுதலாமா?

சிறையில் பூட்டிவைத்திருக்கிற ஆள் நிபுணரை எங்கே போய்த் தேடுவான்? போஸ்னர் பக்கம்தான் நான்.

ஜனவரி 22
ஒரு மூத்த வழக்கறிஞர் அம்மா தனியாக எழுதியிருக்கிறார்: "அதே வழியில் தொழிலாளிக்குப் பாதகமாக ஒரு தீர்ப்பு வந்தால் அப்போதும் கைதட்டுவீர்களா?" நியாயமான கேள்வி. அப்படி ஒரு வழக்கு உண்மையிலேயே இருக்கிறது.

2014, கோழி இறைச்சி ஆலைத் தொழிலாளர்கள். அரை மணி நேரச் சாப்பாட்டு இடைவேளைக்குச் சம்பளம் இல்லை. அதற்குள் கோட்டு, ஏப்ரன், கையுறை எல்லாம் கழற்றித் திரும்ப மாட்ட வேண்டும். அந்த நேரத்துக்குச் சம்பளம் கேட்டார்கள். போஸ்னர் அதே உடுப்புகளை வாங்கி, நீதிமன்ற ஊழியர்கள் மூன்று பேரைப் போட்டுக் கழற்ற வைத்து வீடியோ எடுத்தார். கழற்ற 15 நொடி, மாட்ட 95 நொடி. இரண்டு நிமிடம்கூட இல்லாததற்கு ஏன் வழக்கு என்று தொழிலாளர்களுக்கு எதிராக முடித்தார். தலைமை நீதிபதி டயேன் வுட் கடுமையாக எதிர்த்து எழுதினார்.

நான் சின்ன வயதில் விடுமுறைகளில் மாமாவின் மீன் பதப்படுத்தும் கொட்டகையில் ஐஸ் பெட்டி தூக்கியிருக்கிறேன். ஈரக் கையில் ரப்பர் கையுறை ஒட்டிக்கொள்ளும். விரல் விரலாக உரிக்க வேண்டும். கழுவும் குழாயில் வரிசை நிற்கும். விரல் மரத்துப்போய் முடிச்சு அவிழாது. குளிரூட்டிய அலுவலகத்தில் உலர்ந்த கையோடு நிற்கிற மூன்று பேரை வைத்து இதை அளக்க முடியாது.

ஜனவரி 23
ராத்திரி முழுக்க இதே யோசனை. கைதி வழக்கில் நான் ஹாமில்டனை அவசரமாக ஒதுக்கிவிட்டேன் என்பதல்ல, அங்கே முடிவு இன்னும் சரி என்றே நினைக்கிறேன். ஆனால் இரண்டு வழக்கையும் பிரிக்கிற கோடு எது என்று பார்க்க வேண்டும். நான் காண்பது இது: கைதி வழக்கில் அவர் தேடியது ஒரு கதவைத் திறப்பதற்கு. விசாரணை நடக்கும், மறுதரப்பு தன் நிபுணரைக் கொண்டுவந்து மறுக்கலாம். கோழி ஆலை வழக்கில் தேடியது கதவை மூடுவதற்கு. அந்த வீடியோவைத் தொழிலாளர்களின் வக்கீல் குறுக்கு விசாரணை செய்ய வழியே இல்லை. மூடுவதற்கு முன்னால் எதிரே நிற்பவரிடம் கேட்டிருக்க வேண்டும்.

அந்த அம்மாவுக்கு நன்றி. இந்த யோசனை அவர் கேட்டதால் வந்தது.

பிப்ரவரி 2
கொஞ்சம் வேறு விஷயம். அவர் எழுதுகிற விதம்.

அங்கே பெரும்பாலான நீதிபதிகளுக்கு உதவியாளர்கள்தான் முதல் டிராஃப்ட் போடுவார்கள். போஸ்னர் தன் தீர்ப்புகளைத் தானே எழுதினார். அடிக்குறிப்பு கிடையாது, லத்தீன் கிடையாது, மேற்கோள் காட்டும் முறைக்கென்று இருக்கிற தடித்த விதிப்புத்தகத்தின்மேல் அவருக்குத் தீராத வெறுப்பு. வேண்டிய இடத்தில் படம் போடுவார். 2011ல் தங்களுக்கு எதிரான முன்தீர்ப்பைக் கண்டுகொள்ளாமலே அப்பீல் போட்ட வக்கீல்களுக்காக, மண்ணில் தலையைப் புதைத்த நெருப்புக்கோழி படம் ஒன்று, அதே மாதிரி தலையைப் புதைத்த கோட்டு சூட்டு மனிதர் படம் ஒன்று, இரண்டையும் தீர்ப்பிலேயே அச்சிட்டார். ஜூனியர்களுக்கு அந்தப் பக்கத்தை எடுத்துக் காட்டுவேன். அதற்கப்புறம் பாதகமான தீர்ப்பை யாரும் மறைக்கத் துணிவதில்லை.

பிப்ரவரி 9
2017க்கு வருகிறேன். 78 வயதில் பதவி விலகியபோது பலரும் உடல்நிலை என்று நினைத்தார்கள். அவர் சொன்ன காரணம் வேறு. வக்கீல் இல்லாமல் தாங்களே அப்பீல் போடுகிறவர்கள், நம் பாஷையில் பார்ட்டி இன் பெர்சன். அவர்களில் கைதிகள் ஏராளம். அந்த அப்பீல்களை நீதிமன்றத்தின் ஊழியர் வழக்கறிஞர்கள் படித்துக் குறிப்பு எழுதி நீதிபதிகளுக்கு அனுப்புவார்கள். அந்தக் குறிப்புகள் போகும் முன் தானே படித்துத் திருத்தித் தருகிறேன் என்றார் போஸ்னர். சக நீதிபதிகள் மறுத்துவிட்டார்கள். 35 வருடத் தூக்கத்திலிருந்து இப்போதுதான் விழித்தேன் என்று, வெளியேறிய சில நாளில் பேட்டியில் சொன்னார். தம்பி படித்த பேட்டியும் அதுதான். சட்டப் பிரிவு பற்றி அவர் சொன்ன ஒரு வரியை எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள், இந்தப் பகுதியை விட்டுவிட்டார்கள். பிறகு அப்படிப்பட்டவர்களுக்கு உதவ ஒரு மையம் தொடங்கினார். அது நீடிக்கவில்லை.

போன மாதம் எங்கள் நீதிமன்றத்தில் ஒரு பெரியவர் தன் நில வழக்குக்குத் தானே நின்றார். கட்டு கட்டாகக் காகிதம், மஞ்சள் பை. எதை எப்போது நீட்டுவது என்று தெரியவில்லை. எதிர்த்தரப்பு வக்கீல் வாய்தா கேட்டார், கிடைத்தது. பெரியவருக்கு வாய்தா போட்டதே புரியவில்லை, அடுத்த வழக்கு கூப்பிட்ட பிறகும் நின்றுகொண்டிருந்தார். நானும் என் வழக்கைக் கூப்பிடுவதற்காகக் காத்திருந்தவன், போய்த் தேதி எழுதிக்கொடுத்தேன். புளூ ஐலண்ட் வீட்டுக்காரர்களை ஒரு வரியில் கடந்த அதே மனிதர், கடைசியில் இந்தப் பெரியவரைப் போன்றவர்களுக்காகப் பதவியையே விட்டார் என்பதுதான் போஸ்னர் விஷயத்தில் என்னை இழுத்துப் பிடித்துவைத்திருப்பது. 35 வருடம் ஆயிற்றே என்ற வருத்தமும் கூடவே இருக்கிறது.

பிப்ரவரி 11
எதிலிருந்து ஆரம்பிப்பது என்று தம்பி கேட்டிருக்கிறார். பாடநூலை இப்போது எடுக்க வேண்டாம். முதலில் புளூ ஐலண்ட் தீர்ப்பு, பக்கத்தில் நம் ஓலியம் தீர்ப்பு. அடுத்து இண்டியானா வோட்டர் ஐடி, அதை எவன்ஸின் மாறுபட்ட தீர்ப்பிலிருந்து தொடங்குங்கள். பிறகு கைதி வழக்கு ஹாமில்டனோடு, கோழி ஆலை வழக்கு வுட்டோடு. போஸ்னரைத் தனியாகப் படித்தால் அவர் எழுத்தே உங்களைச் சம்மதிக்க வைத்துவிடும். திருமண வழக்கு ஒலிப்பதிவை மட்டும் ஒரே மூச்சில் கேளுங்கள், நிறுத்தி நிறுத்திக் கேட்டால் கேள்விகளின் வேகம் பிடிபடாது.